கோப்பையை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தவர்கள்

"அம்மா, இன்னும் ஒரே ஓர் ஆட்டம்தாம்மா!"

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என மலாக்காவின் எந்தப் பட்டணத்திலும் எந்தத் தோட்டத்து வீட்டிலும் இரவு பத்து மணிக்கு மேல் கேட்கும் குரல்தான் இது. கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் பொழுதைப் போக்குவதற்காக விளையாடுவதில்லை. சிலர் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். அணி சேர்த்து, பயிற்சி செய்து, வட்டாரப் போட்டிகளில் வென்று பரிசுப் பணமும் வாங்கி வருகிறார்கள். எஸ்.பி.எம். நெருங்கும்போதுதான் வீட்டில் பிரச்சினை தொடங்குகிறது. "படிப்பை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல இதில் முழுசா இறங்குறேன்" என்கிறான் பிள்ளை. தடுத்தால் அவன் திறமையைக் கெடுத்த பாவம், விட்டால் எதிர்காலம் என்னாகுமோ என்ற பயம். வானொலியில் பெற்றோரோடு பேசும்போதெல்லாம் இந்தத் தவிப்பைக் கேட்கிறேன்.

இதற்குப் பதில் தேடினால், உலக அளவில் விளையாடிப் பெயர் வாங்கியவர்களில் சிலரே நடுவில் போட்டியை ஒதுக்கிவிட்டுப் படிக்கப் போயிருப்பது தெரிகிறது. அவர்கள் கதையை நம் வீடுகளில் பேசுவது நல்லது.

கனவு பொய்யில்லை

முதலில் பிள்ளைகள் பக்கத்து நியாயம். மின்விளையாட்டு இன்று வெட்டி வேலை அல்ல. 2013-ல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் பிடித்தது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் நம் அரசாங்கம் இத்துறைக்கு 1 கோடி வெள்ளி ஒதுக்கியது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கும் பதக்கம் உண்டு. 'அரேனா ஆஃப் வேலர்' பிரிவில் மலேசியா வெள்ளி வென்றது. 2024-ல் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ரியாத்தில் மொபைல் லெஜண்ட்ஸ் கோப்பையை வென்று 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு பெற்றது.

ஆக, "இதெல்லாம் சோறு போடுமா?" என்று அப்பா கேட்டால், "சிலருக்குப் போடும்" என்பதே நேர்மையான பதில். எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு என்பதுதான் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி.

24 வயதுக் கணக்கு

ஓர் அணியில் களமிறங்குவது ஐந்து பேர். நாட்டின் உயர்மட்டத் தொடரில் பத்து அணிகள் என்று வைத்துக்கொண்டாலும், மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்து அறுபது இடங்கள். ஆண்டுதோறும் எஸ்.பி.எம். எழுதுவோர் ஏறக்குறைய 4 லட்சம் பேர். கணக்கை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம்.

அந்த அறுபதில் ஒருவனாக வந்துவிட்டாலும் காலம் குறைவு. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டத்தின் நடுவே கண் பார்த்ததற்குக் கை பதில் கொடுக்கும் வேகம் 24 வயதிலேயே குறையத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்டது. மூத்தவர்கள் அனுபவத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் அந்த வயதில் மற்ற பிள்ளைகள் பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்தபின் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் சிக்கல்தான்.

திரும்பிப் படிக்கப் போனவர்கள்

பிரான்ஸைச் சேர்ந்த இலியஸ் சத்தூரி, 'ஸ்டெஃபானோ' என்ற பெயரில் ஸ்டார்கிராஃப்ட் 2 உலகைக் கலக்கியவர். 2011, 2012 ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய போட்டிகளை வென்றார். புகழின் உச்சியில் இருந்தபோதே, 2013-ல் போட்டியை விட்டுப் படிக்கப் போவதாக அறிவித்தார். பிற்பாடு மீண்டும் ஆட்டத்துக்கு வந்தார். விலகினால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயப்படும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பக்கத்துச் சிங்கப்பூரின் பெனடிக்ட் லிம் வேறு முடிவெடுத்தவர். 2011-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் முதல் டோட்டா 2 உலகப் போட்டி நடந்தபோது அவருக்குத் தேர்வும் அதே சமயத்தில் வந்தது. போட்டிக்கே போனார், அவர் அணி மூன்றாம் இடம் பெற்றது. அவர் குடும்பத்தின் மனப்போராட்டத்தை 2014-ல் வெளியான 'ஃப்ரீ டு ப்ளே' ஆவணப்படத்தில் காணலாம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் அது.

சதுரங்கத்தில் இன்னும் தெளிவான உதாரணம் சீனாவின் ஹூ யீஃபான். 2010-ல், 16 வயதில் மகளிர் உலக வெற்றியாளர். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்துக்கொண்டே விளையாடினார். 2018-ல் ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 2020-ல், 26 வயதில், சென்சென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்தவர் போட்டிகளைக் குறைத்துக்கொண்டு எடுத்த முடிவு இது.

நம் வீட்டுப் பிள்ளைகள்

மின்விளையாட்டு இல்லாவிட்டாலும், நமக்கு மிக நெருக்கமான உதாரணம் கெடாவிலிருந்து வந்த ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம். 2018 ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற கையோடு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தார். முழுநேரமாகச் சுற்றுப்பயணப் போட்டிகளில் ஓடவேண்டிய வயது அது. 2022-ல் கார் விபத்தில் படுகாயமுற்றார். இனி ஆட முடியுமா என்ற நிலையிலிருந்து எழுந்து வந்து, அடுத்த ஆண்டே ஆசியத் தங்கம் வென்றார். 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் கைப்பற்றினார். நடுவில் படித்த ஆண்டுகள் அவர் ஆட்டத்தைக் கெடுத்துவிடவில்லை.

"குகேஷ் நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாரே?" என்று பிள்ளைகள் மடக்குவார்கள். உண்மைதான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் சதுரங்க உலக வெற்றியாளரான சென்னைப் பிள்ளை அவர். ஆனால் அவர் அப்பா அறுவை சிகிச்சை மருத்துவர். மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தம் தொழிலையே நிறுத்திவைத்தார். அம்மாவும் மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர். சறுக்கினால் தாங்கிப் பிடிக்க அந்த வீட்டில் வழி இருந்தது. அதே சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த், கிராண்ட்மாஸ்டர் ஆன பிறகும் லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டப் படிப்பை விடவில்லை.

தோட்டத்துக் கணக்கு வேறு

மலாயாவில் வணிக ரீதியில் முதன்முதலாக ரப்பர் நட்ட இடம் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். ஆண்டு 1896. அன்று தொடங்கிய தோட்ட வாழ்க்கையில் நம்மவர்களுக்கு ஒரு பாடம் தலைமுறை தலைமுறையாக உறைத்திருக்கிறது: வேலை இருக்கும் வரைதான் தோட்டத்து வீடு. அதனால்தான் பால்மரத்தடியில் நின்ற பாட்டிகள், பிள்ளையின் சான்றிதழை நகைபோலப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார்கள். அந்தக் காகிதம்தான் குடும்பத்தை வெளியே கொண்டு வந்த பாலம். பின்னால் தாங்கிப் பிடிக்கச் சொத்தில்லாத வீட்டுப் பிள்ளை, ஐந்தாம் படிவத்தில் படிப்பை விடுவதும், வசதியான வீட்டுப் பிள்ளை விடுவதும் ஒன்றாகாது.

வழி இருக்கிறது

ஏற்கெனவே படிப்பை விட்டவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. எஸ்.பி.எம். தேர்வைத் தனிப்பட்ட முறையில் எழுதலாம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம். பொதுவாக, மூன்று பாடங்களில் 'கிரெடிட்' இருந்தால் டிப்ளோமா வரை போகலாம். ஒன்று இருந்தாலும் சான்றிதழ் படிப்பில் தொடங்கலாம்.

அதற்குத் தூரம் போகவும் வேண்டாம். மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூதெம் கணினி விளையாட்டுத் தொழில்நுட்பத்தையே பட்டப் படிப்பாக நடத்துகிறது. மலாக்காவிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகமும் உண்டு. விளையாட்டை உருவாக்கும் நிரலர், ஓவியர், போட்டி ஏற்பாட்டாளர், பயிற்றுநர், நேர்முக வர்ணனையாளர் என்று அந்த உலகத்திலேயே வேறு நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் 24 வயதில் யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியைப் பிடுங்கி ஒளித்துவைப்பதால் பயனில்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பாருங்கள். எந்தப் போட்டி, எவ்வளவு பரிசு, யார் பொறுப்பு என்று கேளுங்கள். தூக்கம், பள்ளி, சாப்பாடு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் தவித்தால் அது திறமை ஆகாது. உலகச் சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தம்பி, தங்கைகளுக்கும் ஒன்று. எஸ்.பி.எம். முடியும்வரை போட்டியை ஒதுக்கிவைத்தால் உன்னை யாரும் கோழை என்று சொல்லப்போவதில்லை. தரவரிசைப் புள்ளி ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகத் தொடங்கும். தேர்வுத்தாளில் வாங்கிய மதிப்பெண் உன்னோடு கடைசிவரை வரும்.