ரேமைக் காலி செய்யவும் ரேம் வேணும்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு முழுசா நிரம்பிட்டதா வச்சுக்குவோம். பெட்டியை வெளியே எடுக்க டிரெய்லர் உள்ளே வரணும். ஆனா டிரெய்லர் வரும் வழியிலும் பெட்டி அடுக்கியிருந்தா? யார்டு அப்படியே நின்னுபோகும்.

லினக்ஸ் கெர்னலில் என்.எஃப்.எஸ். கிளையன்ட் சந்திக்கும் சிக்கலும் இதேதான். நிரல் எழுதும் தரவு உடனே சர்வருக்குப் போவதில்லை. பேஜ் கேச்சில், அதாவது ரேமில் தங்குகிறது. ரேம் குறைந்தால் கெர்னல் அதை அனுப்பிவிட்டு இடத்தை மீட்கப் பார்க்கும். ஆனா அனுப்பவே ரேம் வேணும்: கோரிக்கைக்கு ஒரு ஸ்ட்ரக்சர், பாக்கெட்டுக்கு ஒரு பஃபர், பதில் வந்து இறங்க இன்னொரு பஃபர். 1995-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இன்னொரு முடிச்சும் உண்டு. சர்வர் "வாங்கிட்டேன்"னு மட்டும் சொல்லலாம். டிஸ்க்கில் ஏறியாச்சுன்னு கமிட் பதில் வரும்வரை கிளையன்ட் அந்தப் பக்கத்தை விடமுடியாது. இடையில் சர்வர் விழுந்தா, திரும்ப அனுப்ப அந்தப் பிரதிதான் இருக்கு.

இதுக்குக் கெர்னலில் மூணு ஏற்பாடுகள்.

முதலாவது, ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் கொடி. "ரேம் தேடு, ஆனா அதுக்காக மறுபடி ஃபைல் சிஸ்டம் கோடுக்குள்ள நுழையாதே"ன்னு அர்த்தம். சுழலில் மாட்டாது, ஆனா தேடும் இடம் சுருங்கும்.

இரண்டாவது, மெம்பூல். எழுதும் கோரிக்கைக்கு 32, கமிட்டுக்கு 4 ஸ்ட்ரக்சர்களை என்.எஃப்.எஸ். கோடு முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறது. வழக்கமான வழியில் கிடைக்கலைன்னா இதிலிருந்து எடுக்கும். பழைய கெர்னல்களில், இதுவும் தீர்ந்தா, ஒண்ணு திரும்பி வரும்வரை காத்திருந்தது. வேகம் குறைஞ்சது, வேலை நிக்கலை. கமிட்டுக்குத் தனிப் பூல் இருப்பதால், எழுதும் கோரிக்கைகள் அதன் பங்கைத் தின்றுவிட முடியாது.

மூன்றாவது, என்.எஃப்.எஸ். மேலேயே ஸ்வாப் வைப்பவர்களுக்கு. 2012-ல் வந்த லினக்ஸ் 3.6, ஸ்வாப்புக்கான சாக்கெட்டை அவசரக் கையிருப்பைத் தொட அனுமதித்தது. வரும் பாக்கெட் யாருக்குன்னு பிரிச்சுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதலில் கையிருப்பில் வாங்கி, ஸ்வாப் சாக்கெட்டுக்கு இல்லைன்னா தூக்கிப் போட்டுடும். டி.சி.பி. மறுபடி அனுப்பிக்கும்.

மூணுமே ஒரு விலை கொடுத்துத்தான் வருது. கையிருப்பைப் பெருக்கினால் சாதாரண நாட்களில் அந்த ரேம் சும்மா கிடக்கும். சுருக்கினால் நெருக்கடியில் எல்லாம் ஊர்ந்து போகும். நிர்வாகி கையில் இருக்கும் எளிய வழி, டர்ட்டி_பேக்கிரவுண்ட்_ரேஷியோவைக் குறைப்பது. வழக்கமான மதிப்பு 10 சதவீதம். அதைக் குறைத்தால் ரேம் நிரம்புவதற்கு முன்பே அனுப்பும் வேலை தொடங்கிவிடும். பதிலுக்கு, சின்னச் சின்ன எழுத்துகளைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பும் லாபம் கொஞ்சம் போகும்.