வீட்டுக்கு விளக்கேற்றும் கார்

மின்சாரக் கார் வாங்க உத்தேசமா, சகோதரிகளே? வர்ணம் இருக்கட்டும்; "வெளியே மின்சாரம் தருமா?" என்று முதலில் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை இருண்டு கிடந்ததே! மாமியாரின் இன்ஸுலின் ஃபிரிஜ்ஜில் இருந்தால் மனம் என்ன பாடுபடும்!

ஜப்பானில் 2011 பூகம்பத்துக்குப் பின், நிஸ்ஸான் லீஃப் காரை வீட்டோடு இணைக்க வழி செய்தார்கள். இங்கே 2023-ல் வந்த ஹூண்டாய் அயோனிக் 5, புது டாட்டா நெக்ஸான் இரண்டும் மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல் தரவல்லவை. நாற்பது யூனிட் பாட்டரியில் பாதி போதும். ஃபிரிஜ், இரண்டு விசிறி, விளக்குகள் மூன்று நாள் ஓடும். (ஏ.ஸி.யை மறந்துவிடுங்கள்!)

ஆனால், தனி வயர் இழுத்தே சாமான்களை இணைக்க வேண்டும். சுவர்ப் பிளக்கில் செருகினால் மின்சாரம் தெரு லயனுக்கு ஏறும். பழுது பார்க்கும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. திருவல்லிக்கேணி மாடிக் குடித்தனக்காரர்களே, சந்தில் கார் நிற்கும் இடத்திலிருந்து வயர் எட்டுமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.