ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம். பள்ளிச் சேர்க்கைப் பட்டியலில் ஒரு குழந்தையின் பிறந்த தேதி 03/04/2019 என்று இருக்கிறது. நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்காவில் படிப்பவருக்கு மார்ச் 4. கணினிக்கோ அது இன்னும் தேதியே அல்ல. எண்ணும் சாய்கோடுமாகப் பத்துக் குறிகள், அவ்வளவுதான். எந்த வரிசையில் படிப்பது என்று நாம் சொன்ன பிறகுதான் அது தேதியாகும்.

சொல்லாமல் விட்டால்? அமெரிக்க முறைக்கு அமைத்த எக்செலில் இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 13/04/2019 வந்தால், பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிவைக்கும். 12/04/2019-ஐ டிசம்பர் 4 என்று ஏற்றுக்கொண்டு வலப்பக்கம் நிறுத்தும். இடப்பக்கம் நிற்பது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். வலப்பக்கம் ஒழுங்காக நிற்பதுதான் தப்பான தேதி.

உள்ளே எல்லாமே எண்தான். எக்செல் நாட்களை எண்ணுகிறது. 1900 ஜனவரி 1 அதற்கு 1, 1970 ஜனவரி 1 அதற்கு 25569. யூனிக்ஸ் எண்ணுவது விநாடிகளை. அதன் தொடக்கம் யுடிசி கணக்கில் 1970 ஜனவரி 1 நள்ளிரவு. ஆகவே எக்செல் எண்ணிலிருந்து 25569-ஐக் கழித்து 86400-ஆல் பெருக்கினால் யூனிக்ஸ் எண் வந்துவிடும். எக்செலில் இருப்பது இந்திய நேரம் என்றால் ஐந்தரை மணி நேரத்தின் 19800 விநாடிகளையும் கழிக்க வேண்டும்.

அந்த ஐந்தரை மணி நேரம்தான் பலரைச் சிக்க வைக்கிறது. ஆகஸ்ட் 15 பிறக்கும் நள்ளிரவு, யுடிசியில் ஆகஸ்ட் 14 மாலை 6:30. பிறந்த தேதியை இப்படி விநாடியாகச் சேமித்து, பிறகு யுடிசி தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாள் குறைந்துவிடும். பிறந்த தேதிக்கு மணி வேண்டாம். நேரம் ஒட்டாத தேதியாகவே வையுங்கள். டேட்டாபேஸிலும் ஜாவாவிலும் அதற்கென்றே தனி வகை உண்டு.

நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தேதி உள்ளே வரும்போதே அதன் வரிசையைச் சொல்லிவிடுங்கள். உள்ளே ஐஎஸ்ஓ 8601 முறையில் 2019-04-03 என்று ஒரே வடிவில் வையுங்கள். எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை மாறாது. திரையில் காட்டும்போது மட்டும் படிப்பவர் வழக்கத்துக்கு மாற்றுங்கள். அங்கேயும் கவனம் வேண்டும். ஜாவாவின் ஃபார்மட்டில் பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். சின்ன ஒய் போட வேண்டிய இடத்தில் பெரிய ஒய் போட்டால் அது வாரக் கணக்கு ஆண்டாகி, 2024 டிசம்பர் 31-க்கு 2025 என்று அச்சாகும்.

சோதிக்கும்போது 05/05 கொடுக்காதீர்கள். எப்படிப் படித்தாலும் அது சரியாகத்தான் வரும். 03/04, 13/04, டிசம்பர் 31 மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பள்ளியில் இடமும் ஓய்வூதியமும் பிறந்த தேதி இருக்கும் அந்த ஒரு கட்டத்தை நம்பித்தான் இருக்கின்றன.