களைப்பு வருத்தமும் கைப்போனும்

சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், தைரொயிட், புற்றுநோய்ச் சிகிச்சை, கொரோனாவுக்குப் பிந்திய பலவீனம் என்று நீண்டகால வருத்தம் எதுவானாலும் அதோடு ஒரு களைப்பும் சேர்ந்து வருவதுண்டு. இது வேலை செய்த அலுப்பு அல்ல. அலுப்பென்றால் ஒரு இரவு நித்திரையோடு போய்விடும். இந்தக் களைப்பு விடிய எழும்பும்போதே உடம்பில் கிடக்கும். வெளியில் தெரியாது. அதனால்தான் ‘வேலைக்கள்ளர்’ என்ற பேர் வருகிறது. அந்தப் பேருக்கும் நாட்கூலிக்கும் பயந்து, ஏலாத உடம்போடு தேங்காய் உரிக்க வந்து நிற்பவர்கள் எங்கள் பளைப் பக்கத் தோட்டங்களில் இருக்கினம்.

முதலில் டொக்டரிடம் காட்ட வேண்டும். இரத்தச்சோகையா, சீனி கூடியதா, தைரொயிட் குறைந்ததா என்பது இரத்தப் பரிசோதனையில் தெரியும். இவை மருந்தோடு சரிவரக் கூடியவை. (இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடியாதையுங்கோ. தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது.) நெஞ்சு நோவு, மூச்செடுக்கக் கஷ்டம் என்றால் போனில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 1990க்கு அழையுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மருந்து எடுத்தும் களைப்பு மிச்சமிருந்தால், அதோடு சீவிக்கப் பழக வேண்டும். பலர் செய்வது என்னவென்றால், உடம்பு கொஞ்சம் தெளிந்த நாளில் விட்ட வேலை எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்வது. பிறகு இரண்டு நாள் பாயோடு. இதற்கு மாற்று, களைக்க முதலே இருப்பது. உதாரணமாக, அரை மணித்தியாலம் வேலை, பத்து நிமிடம் இருப்பு. ஆளுக்கு ஆள் அளவு வேறு. உங்கள் அளவு எது என்று அறியத்தான் போன் உதவுகிறது.

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்த வைத்தியசாலை அது. அக்காவுக்கு எழுத்து வராது. ஒவ்வொரு பின்னேரமும் அன்று செய்த வேலையையும், களைப்புக்குப் பத்தில் எத்தனை என்பதையும் போனில் குரலாகப் பதிந்தார். மூன்று கிழமையில் தெரிந்தது: அவரை விழுத்தியது கிடுகு பின்னுவதல்ல, கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருவதுதான். இப்போது கிளினிக்குக்கு அடுத்த நாளை ஓய்வு நாளாக வைத்திருக்கிறார்.

இதற்கென்றே செயலிகளும் உண்டு. நெதர்லாந்தில் உருவான ‘அன்டயர்’ புற்றுநோய்க் களைப்புக்கானது. நான்கு நாடுகளில் 799 பேரிடம் 12 கிழமை சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். பாவித்தவர்களுக்குக் களைப்பு ஓரளவு குறைந்தது, கூடப் பாவித்தவர்களுக்குக் கூடக் குறைந்தது. ‘விசிபிள்’ என்பது கொரோனாவுக்குப் பிந்திய களைப்புக்காரருக்கு. காலையில் கமராவில் விரலை வைத்தால் நாடித்துடிப்பை அளந்து, இன்று உடம்பு எப்படி என்று ஒரு கணக்குச் சொல்லும். இவை ஆங்கிலத்தில் உள்ளவை, பிள்ளைகள்தான் வாசித்துச் சொல்ல வேணும். காசு கேட்டால் விட்டுவிடுங்கோ. போனிலுள்ள அலாரமும் குரல்பதிவும் எங்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

அடி எண்ணும் செயலி “10,000 அடி நட” என்று நெருக்கும். அந்தக் கணக்கு 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு அடிமானியின் பெயரில் இருந்து வந்தது, டொக்டர் சொன்னதல்ல. புற்றுநோய்க் களைப்புக்கு மெல்ல நடப்பது நல்லது. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு, அளவு மீறி நடந்தால் மறுநாள் வருத்தம் கூடும். அப்படியானவர்கள் உடம்பை வற்புறுத்தக் கூடாது.

மூன்று கிழமைப் பதிவு கையில் இருந்தால் கிளினிக் கொப்பியோடு டொக்டருக்குக் காட்டுங்கோ. ஓலை இழுக்கிற வேலையிலிருந்து இருந்து செய்கிற வேலைக்கு மாற வேண்டும் என்றால், டொக்டரின் துண்டோடு அந்தப் பதிவையும் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கோ. மேற்பார்வையாளரிடம் கதைக்க எனக்கு அது உதவும். போனை அவருக்குக் காட்டத் தேவையில்லை. உங்கள் வருத்த விபரம் உங்களுடையது.