அரைப்பேரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாலை ஐந்து மணி. கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய பெண், படங்கை அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து கூட்டிவந்த குழந்தையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். எதிரே வினாத்தாளோடு ஒரு கள உத்தியோகத்தர். “அக்கா, மாசம் எவ்வளவு வருமானம் வரும்?”

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான எந்த லயத்திலும் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்பது சுலபம், பதில் சுலபமல்ல. தோட்டத்துச் சம்பளம் மாதக் கணக்கில் ஓடுவதில்லை, பேர்க் கணக்கில் ஓடுகிறது. கேட்ட கிலோவைப் பறித்துக் கொடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனால் அது கைக்காசு, தனிக் கணக்கு. சம்பளச் சீட்டைப் பிரித்தால் சேமலாப நிதி, சங்கச் சந்தா, முற்பணம் என்று கழிவுகள் வரிசையாக நிற்கும். அந்தப் பெண் எந்தத் தொகையைச் சொல்ல வேண்டும்? சீட்டின் மேலே இருப்பதையா, கழிவெல்லாம் போய்க் கைக்கு வந்ததையா? சங்கடத்தோடு அவர் ஒரு நடுத்தரத் தொகையைச் சொன்னால், அதில் பொய் ஒன்றும் இல்லை. கேள்விதான் அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை.

அளவீடு என்ற ஆய்வுமுறையின் பலமும் பலவீனமும் இந்த வாசலில்தான் தொடங்குகின்றன. இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் குடும்பங்களின் வருமானத்தையும் செலவையும் அறிய நடத்தும் அளவீடு, இந்தச் சிக்கலைத் தெரிந்தே வடிவமைக்கப்பட்டது. மொத்தத் தொகையை ஒரே கேள்வியில் கேட்காமல், வருமானத்தை வகை வகையாகப் பிரித்துக் கேட்கிறார்கள். சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு வாரக் கணக்கு: எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு மா, எவ்வளவு பருப்பு. களவேலையும் ஒரே மாதத்தில் முடிவதில்லை. பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்து நடத்துகிறார்கள். மலையகத்துக்கு இது மிகவும் தேவை. ஜனவரி, பெப்ரவரிப் பனியில் கொழுந்து சுருங்கும். சித்திரை, வைகாசியில் குவியும். பனிக்காலத்தில் மட்டும் கேட்டால் ஒரு நுவரெலியா தெரியும், குவியும் மாதத்தில் மட்டும் கேட்டால் வேறொரு நுவரெலியா தெரியும்.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த கேள்வி. 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஜனாதிபதித் தேர்தலுக்காக சுமார் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பெயர்களைப் பெரும்பாலும் எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார்ப் பதிவுகளிலிருந்தும். பொருளாதார மந்தத்தில் நொந்திருந்த ஏழைகளில் பலர் அவற்றில் இல்லை. கூட்டம் பெரிதாக இருந்தும் பயனில்லாமல் போனது.

தோட்டங்களில் சிக்கல் வேறு வகை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் தோட்டத்துறையில் வாழ்ந்தவர்கள் சுமார் 4.4 சதவீதம். 2016இன் வருமான, செலவு அளவீட்டுக்குத் தெரிவான வீடுகள் 25,000. விகிதப்படி பார்த்தால் தோட்டங்களுக்கு ஏறத்தாழ 1,100 வீடுகள்தான். ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பத்து வீடாக எடுப்பதால் இன்னொரு கவலையும் உண்டு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த பத்துக் காம்பராக்களுக்கும் ஒரே தோட்டம், ஒரே சம்பள நாள், ஒரே பீலித் தண்ணீர். பத்துத் தோட்டங்களில் தட்டும் பத்துக் கதவுகள் சொல்லும் அளவுக்கு இந்தப் பத்துக் கதவுகளால் சொல்ல முடியாது. நகரம், கிராமம், தோட்டம் என்று முதலிலேயே பிரித்து மாதிரி எடுக்காவிட்டால், இந்த மக்கள் தேசியச் சராசரிக்குள் கரைந்தே போவார்கள்.

கரைவது எப்படி என்பதற்குக் குழந்தைகளின் உயரமே சாட்சி. 2006–07 குடித்தொகை, சுகாதார அளவீட்டில் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். போர் காரணமாக வட மாகாணம் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2016இலும் அதே 17. பத்தாண்டுகளில் எதுவுமே மாறாதது போல இருக்கும். ஆனால் தோட்டங்களில் அது ஏறத்தாழ 40இலிருந்து 32க்கு இறங்கியிருந்தது. இறங்கிய பிறகும் தேசிய அளவைப் போல இரு மடங்குக்குக் கிட்ட. முன்னேற்றம், அநீதி இரண்டையும் மறைக்க ஒரே ஒரு சராசரி போதுமாக இருந்தது. இங்கே யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளையை அளவுகோலில் வைத்து உயரம் பார்த்தார்கள்.

அளவுகோலே மாறினால்? 2016இல் தோட்டத்துறையின் வறுமை 8.8 சதவீதம் என்று வந்தது. 2019இல் 51.3 சதவீதம். மூன்று வருடத்தில் மலையகம் பாதாளத்தில் விழுந்ததாகப் படிப்பது பெரும் பிழை. முதல் எண் 2002இன் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட பழைய வறுமைக் கோட்டில் அளந்தது. 2016இல் அது ஆளுக்கு மாதம் 4,166 ரூபாய். இரண்டாவது எண் 2012–13 நுகர்வை வைத்துத் திருத்திய கோட்டில் அளந்தது. 2019இல் 6,966 ரூபாய். அந்த இரு கோடுகளுக்கும் இடையில்தான் தோட்டத்தின் கணிசமான பகுதி வாழ்ந்துகொண்டிருந்தது. பழைய கோட்டைச் சற்றே தாண்டியவர்களை ‘வறுமை நீங்கியவர்கள்’ என்று எண்ணிய வருடங்களில் அவர்களுக்குக் கிடைக்காமல் போன கவனத்தை எந்தத் திருத்தமும் திருப்பித் தராது.

‘தோட்டம்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரையறை உண்டு: 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலம், அங்கேயே குடியிருக்கும் பத்துத் தொழிலாளர்களாவது. எனவே தோட்டத்துறைப் புள்ளிவிபரம் ஓர் இடத்தைப் பற்றியது, மலையகச் சமூகம் முழுவதையும் பற்றியதல்ல. படித்து ஆசிரியையாகி ஹட்டன் நகரில் வீடு எடுத்த மகளின் குடும்பம் நகரக் கணக்கில் விழும். கொழும்பில் கடையில் நின்று காசு அனுப்பும் மகன் வீட்டு ஆட்களின் பட்டியலில் வரமாட்டான், அனுப்பிய காசு மட்டும் வருமானத்தில் வரும். லயத்தில் மிஞ்சியிருக்கும் அம்மாதான் அந்த வினாத்தாளில் தோட்டம்.