மலாயா மெட்டுகள் – 9: கோலாலம்பூர் கைவிட்ட கலைஞன்

சென்ற வாரம் மலாய்த் திரையுலகின் நடிகர், பாடகர், இசையமைப்பாளர் பி. ரம்லியைச் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் விட்டிருந்தோம். அவர் கோலாலம்பூருக்குக் குடிவந்த கதைக்குப் போகுமுன் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் இயக்குநர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அந்நாளைய மலாய்ப் படங்களில் நாயகன் வாயசைப்பான், வேறொருவர் பாடுவார். 1948-இல் வெளியான ‘சிந்தா’வில் நாயகன் ரூமாய் நூருக்குப் பின்னணி பாடிய ரம்லிக்குத் திரையில் கிடைத்தது வில்லன் வேடம்தான். 1950-இல் ‘பக்தி’ படத்தை எடுத்த கிருஷ்ணன், ரம்லியை நாயகனாக்கி, அவருடைய சொந்தக் குரலிலேயே பாட வைத்தார். மலாய்த் திரையுலகின் தலையெழுத்தையே மாற்றிய முடிவு அது. இதைச் செய்தவர் ஒரு தமிழர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன்பின் ரம்லியின் இசை பெருக்கெடுத்தது. மலாய் மரபிசையான அஸ்லி, இந்துஸ்தானிச் சாயல், கடல் கடந்து வந்த ரும்பா, பொலேரோ தாளங்கள் எல்லாம் அவர் கைபட்டு மலாய்ப் பாட்டாயின. 1956-இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ‘ஹங் துவா’ சிறந்த இசைக்கான விருதைப் பெற்றது. ‘கெத்தாரான் ஜீவா’வை இன்றும் கல்யாண வீட்டு மேடைகளில் பாடுகிறார்கள். அவர் இசையமைத்த பாடல்கள் நூற்றுக்கணக்கானவை.

1964-இல் ரம்லி கோலாலம்பூரை ஒட்டிய உலு கிள்ளானில் இருந்த மெர்டேகா ஸ்டூடியோவுக்கு வந்தார். ஜாலான் அம்பாஸின் வசதிகள் இங்கே இல்லை. பணமும் குறைவு, படங்களும் கறுப்பு வெள்ளைதான். வெளியே இளைஞர்களின் காது கிதார் குழுக்களின் ‘பாப் யே யே’ பக்கம் திரும்பியிருந்தது. இங்கிருந்து அவர் இயக்கிய படங்கள் 18. கடைசிப் படம் 1972-இல் வந்த ‘லக்சமானா டோ ரே மி’. அவரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று அப்போதே பேசினார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. அவர் கடைசியாக இசையமைத்த ‘ஆயிர் மாத்தா டி கோலாலம்பூர்’ பாடலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சரக்குத் தீர்ந்தவனால் அப்படி மெட்டமைக்க முடியாது. அதை அவர் மனைவி சலோமா பாடி வெளிவந்தபோது ரம்லி உயிரோடு இல்லை. 1973 மே 29-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 44.

இறந்த பிறகுதான், 1990-இல், அவருக்கு ‘டான் ஸ்ரீ’ பட்டம் வந்தது. அதற்கு முன்பே கோலாலம்பூர் நகரின் நடுவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986-இல் நினைவகமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வாருங்கள். அப்படியே, நம் கலைஞர்களையும் இப்படிக் கைவிட்டுவிடாமல், பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்று தமிழில் பாட்டெழுதி இசையமைக்கும் நம் பிள்ளைகளின் பாடல்களையும் காசு கொடுத்துக் கேளுங்கள், அவர்கள் மேடையேறும் நாளில் முன்வரிசையில் போய் உட்காருங்கள்.