கோடு மறைந்தால் சிக்கிள்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசி ஊர்களில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டால் என் மேஜையில் பெரிய கருவி எதுவும் இருக்காது. விரலில் குத்தி எடுத்த சொட்டு ரத்தம், ஒரு கரைசல், சின்னக் கண்ணாடிக் குழாய்கள், கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டை. ரத்தத்தைக் கரைசலில் கலந்து சில நிமிஷம் விட்டுவிட்டு, குழாய்க்குப் பின்னால் அட்டையைப் பிடிப்பேன். கோடு தெரிந்தால் கவலையில்லை. கலங்கிப்போய்க் கோடு மறைந்தால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒற்றையா, இரட்டையா என்று இந்தக் குழாய் சொல்லாது. அதற்கு வேறு சோதனை.

எல்லாம் அந்த ஒற்றை, இரட்டையில்தான் இருக்கிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால், சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடும். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல வளைந்து மெல்லிய ரத்தக்குழாய்களை அடைக்கும். ஒன்று மட்டும் மாறியவர் கேரியர். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. இரண்டும் மாறியவருக்குச் சிக்கிள் செல் நோய்.

கேரியர்கள் இருவர் கல்யாணம் செய்தால் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராதில்ல சேச்சி?" என்று கேட்பார்கள். வரலாம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் சீட்டைப் புதிதாகக் குலுக்கித்தான் எடுக்கிறோம்.

நோய் இருப்பவர்களுக்கு மழையும் குளிரும் சேர்ந்தால் வலி கிளம்பும். எலும்புக்குள்ளிருந்து குடையும். வெளியே காயமோ வீக்கமோ தெரியாததால், எஸ்டேட்டில் "வேலைக்குக் கள்ளம்" என்பார்கள்.

இந்தியாவில் சிக்கிள் மரபணு முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இங்குள்ள பழங்குடிகளின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆண்டனி ஆலிசன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் இன்னொன்றைக் காட்டினார்: கேரியர்களை மலேரியா அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. கொசு மண்டிய காடுகளில் மனிதரைக் காப்பாற்றியதால்தான் இது தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்கிறது. இதைச் சொன்னதும் சிலர் முகத்தில் ஒரு தெளிவு வரும். சாபம், குலதோஷம் என்றே கேட்டுப் பழகியவர்கள்.

2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நோய்க்கான காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. நோயாளியின் ஸ்டெம் செல்லை எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டுகிறார்கள். கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபின் மறுபடி ஊறத் தொடங்குகிறது. அந்த செல்லைத் திரும்பச் செலுத்துமுன் பழைய மஜ்ஜையைக் கீமோ மருந்தால் அழித்தாக வேண்டும். பிள்ளை பெறும் திறனே போகலாம். அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய்.

இந்த மாற்றம் அந்த ஆளோடு முடிந்துவிடும் என்பதால் எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, விலையைத் தவிர. கருவிலேயே கைவைப்பது வேறு. 2018இல் சீன விஞ்ஞானி ஹ ஜியான்குய், எச்ஐவி தொற்றாதபடி கருக்களின் மரபணுவைத் திருத்திக் குழந்தைகளைப் பிறக்கவைத்தார்; மூன்று வருஷச் சிறை கிடைத்தது. அந்தத் திருத்தம் பேரன் பேத்திக்கும் போகும். மலேரியாக் கதை தெரிந்த எனக்கு, எது பிழை, எது கவசம் என்று இன்றே தீர்ப்பெழுதும் தைரியம் இல்லை.

ஆனால் விவாதம் அங்கே நடக்கும்போது, இங்கே மரபணு ஒரு அட்டையாகக் கைக்கு வந்துவிட்டது. 2047க்குள் சிக்கிள் செல்லை ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில், சோதித்தவர்களுக்குக் கார்டு தருகிறார்கள். கல்யாணத்துக்கு முன் இரு கார்டுகளையும் பொருத்திப் பார்க்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் கேரியர் என்றாலே நோயாளி என்று நினைத்துப் பெண்ணை வேண்டாமென்று போகிற வீடுகளும் உண்டு. மாப்பிள்ளையின் கார்டை யாரும் கேட்பதில்லை. அதனால் முகாமில் பெண்ணின் ரிசல்ட்டை வெளியே கூவிச் சொல்லமாட்டேன். அம்மாவோடு தனியே உட்காரவைத்து, பையனையும் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள் என்பேன். நோய் இருப்பவர்களுக்கு இப்போதைக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரைதான் துணை. தினமும் போட்டால் பலருக்கு வலி வருவது குறைகிறது. பஸ் வராத மழை மாதத்திலும் அது தீராமல் இருக்க, ஜூனுக்கு முன்பே சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.